நாளாந்தக் கணக்கு

1736ஆம் ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் குறிப்பெழுதத் தொடங்கினார்கள். ஒருவர் இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில், ஸ்ட்ராற்றன் ஸ்ட்ரோலெஸ் என்ற ஊரில் நிலபுலன்களோடு வாழ்ந்த ரொபேர்ட் மார்ஷம். மற்றவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பனியாரோடு தொழில் நடத்திய வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஏறத்தாழ ஒரே வயதினர். இருவரும் அப்போது முப்பதைத் தொடவில்லை.

மார்ஷம் எழுதியவை மிகச் சிறிய செய்திகள். இந்த ஆண்டு ஸ்னோட்ரொப் பூ என்றைக்குப் பூத்தது, ஓக் மரம் என்றைக்குத் துளிர்த்தது, தவளை என்றைக்குக் கத்தத் தொடங்கியது, தகைவிலான் குருவி என்றைக்கு வந்தது, குயிலின் முதற்குரல் என்றைக்குக் கேட்டது. பிள்ளையவர்கள் எழுதியவை வேறு வகை. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், யாருக்கு என்ன வெகுமதி, ஊரில் என்ன பேச்சு, தான் கண்ட சகுனம் என்ன என்பவை. தமிழ் வருடமும் மாதமும் தேதியும் கிழமையும் போட்டு, அதோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதினார். 1747இல் அவர் தலைமைத் துபாஷியானார். துய்ப்ளேயின் காலத்துப் புதுச்சேரியை உள்ளிருந்து பார்த்தவர். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதத்தில் இறந்தார். இருபத்தைந்து ஆண்டுக்காலக் குறிப்புகள் எஞ்சின.

இன்று நாட்குறிப்பு என்றால் உள்ளத்தைத் திறந்து எழுதுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இவர்கள் செய்தது அதுவல்ல. மார்ஷமின் ஏட்டில் மார்ஷம் இல்லை. பிள்ளையின் ஏட்டில் பிள்ளை நிறையவே இருக்கிறார். ஆனால் அவர் அங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். அன்றாட வாழ்வின் ஏதோ ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அதைத் தேதியோடும் எண்ணோடும் விடாமல் எழுதி வைக்கும் பழக்கம் இது. இப்போது கைக்கடிகாரத்தில் அடிகளையும் நித்திரையையும் எண்ணுபவர்கள் செய்வதும் இதன் தொடர்ச்சிதான். 2007இல் கலிபோர்னியாவில் கேரி வூல்ஃப், கெவின் கெல்லி என்ற இரு பத்திரிகையாளர்கள் இப்படித் தம்மைத் தாமே அளப்பவர்களை ஒன்றுகூட்டத் தொடங்கியபோது அதற்கு ஒரு புதுப்பெயர் கிடைத்தது. பழக்கம் மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதற்குப் பாதுவா நகரத்து மருத்துவர் சான்ரோரியோ நல்ல உதாரணம். பெரிய தராசுக் கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தபடி உண்டார். உண்டதையும் குடித்ததையும் நிறுத்தார், கழித்ததையும் நிறுத்தார், தன்னையும் நிறுத்தார். முப்பது ஆண்டுகள் இப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். எட்டு இறாத்தல் உணவும் பானமும் உள்ளே போனால் ஐந்து இறாத்தல் வரை கண்ணுக்குத் தெரியாமல் உடம்பிலிருந்து ஆவியாகிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. 1614இல் நூலாக்கினார். ஆனால் அந்த நூலில் இருப்பவை சூத்திரங்கள். ஒவ்வொரு நாளும் நிறுத்த எடைகளின் அட்டவணை அதில் இல்லை. முடிவுகள் ஐரோப்பாவெங்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மதிக்கப்பட்டன, பிறகு பழசாகிப்போயின. எடைகள் இருந்திருந்தால் இன்றைக்கும் ஒரு மாணவி அவற்றை எடுத்து வைத்துத் தன் சொந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

மார்ஷம் செய்தது இதற்கு நேரெதிர். முடிவு சொல்வதில் அவருக்கு அவசரமே இருக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் எழுதிய பின்னர், 1789இல்தான் லண்டன் றோயல் சொசைற்றியின் இதழில் தன் அட்டவணையை வெளியிட்டார். 1797இல் அவர் இறந்த பின்பும் குறிப்பு நிற்கவில்லை. அவருடைய குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாக, அதே ஊரில் அதே அறிகுறிகளை 1958 வரை எழுதினார்கள். 1990களில் ஆய்வாளர்கள் இந்தத் தொடரை வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். குளிர் குறைந்த ஆண்டுகளில் மரங்கள் எவ்வளவு முந்தித் துளிர்க்கின்றன என்பது அதில் தெரிந்தது. காலநிலை மாற்றம் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர், காலநிலை மாற்றத்துக்கான சாட்சியத்தை எழுதி வைத்திருந்தார்.

இப்படி நடந்த இடங்கள் வேறும் உண்டு. ஜப்பானின் கியோத்தோ நகரில் அரசவைப் பிரபுக்கள் செரிப் பூ பார்க்கும் விருந்துகளைத் தம் நாட்குறிப்புகளில் எழுதினார்கள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் அந்தத் தேதிகளைத் திரட்டிக் கோத்ததில் ஆயிரத்து இருநூறு ஆண்டுத் தொடர் ஒன்று கிடைத்தது. 2021இல் பூத்தது, அதுவரை அந்தத் தொடரில் பதிவானவற்றிலேயே மிக முந்திய பூப்பு. அமெரிக்காவின் கொன்கோர்ட் ஊரில் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் காட்டுப்பூக்கள் பூத்த நாட்களை எழுதினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் அதே செடிகளைத் தேடிப்போனவர்கள், பொதுவாகக் காணப்படும் செடிகள் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூப்பதைக் கண்டார்கள். விருந்துக்குப் போனவரும் பூப்பார்த்து நடந்தவரும் கேட்ட கேள்விகள் வேறு. ஏடுகள் கடைசியில் பதில் சொன்ன கேள்வி வேறு.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தும். இந்த ஏடுகள் தப்பியதற்கு எழுதியவரின் விடாமுயற்சி மட்டும் காரணமில்லை. வீடு அங்கேயே இருந்தது. மார்ஷம் குடும்பத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதே மண், அதே மரம், அதே அலுமாரி. கியோத்தோவுக்குக் கோயில்களும் மடங்களும் ஏட்டறைகளும் இருந்தன. போர் சூழ்ந்த புதுச்சேரியில் எழுதப்பட்ட பிள்ளையின் ஏடும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1846இல் கலுவா மொம்பிறேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. நீண்ட கணக்குக்கு நிலைத்த வீடு வேண்டும். அது இல்லாதவர்கள் என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. வலிகாமத்தின் செம்மண் ஊர்களில் ஒன்றில் எங்கள் வளவு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாதாமாதம் போயா விடுமுறையன்று காலையில், யாரும் தண்ணீர் அள்ளுவதற்கு முன், கிணற்றுக்குள் கல்லுக் கட்டிய கயிற்றை விட்டு, கட்டிலிருந்து நீர்மட்டம் வரைக்கும் எத்தனை முழம் என்று அளப்பார். பாவித்து மிஞ்சிய அப்பியாசக் கொப்பி ஒன்றில் தேதி, முழம், பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘மழை பிந்தி’, ‘மெசின் இரண்டு மணித்தியாலம்’, ‘பக்கத்துக் காணியில் வெங்காயம்’. அம்மாவுக்கு இது வேலையற்ற வேலை. அப்பாவுக்குப் பொழுதுபோக்கு, மற்றவர்கள் முத்திரை சேர்த்தது போல.

யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கொப்பியின் பெறுமதி விளங்கும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைமழை கொட்டுகிறது. அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. ஆண்டு முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைப்பதும் அந்தத் தேக்கத்திலிருந்துதான். நன்னீர் மேலே மிதக்கிறது, உவர்நீர் கீழே நிற்கிறது. துலா போய் நீரிறைக்கும் மெசின் வந்த பிறகு, மேலிருப்பதை விரைவாக இழுத்தால் கீழிருப்பது ஏறிவரும் என்பது பெரிய கவலையாயிற்று. எந்தக் கிணறு எந்த ஆண்டில் எவ்வளவு இறங்கியது என்ற கேள்வி, இன்று அங்கே நீரைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் தேவையான கேள்வி. ஒரு வீட்டுக் கிணற்றுக்கு மாதந்தோறும் எழுதிய பதில் எங்களிடம் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. இலட்சக்கணக்கான சனம், மழை, ஒரே வீதி. அப்பா ஒரு பையில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறுகள், குடும்ப அட்டை ஆகியவற்றை வைத்தார். எல்லோரும் வைத்தவை அவைதான். கிணற்றுக் கொப்பி அலுமாரிக்கு மேலேயே இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. கதவு நிலைகளும் இல்லை. கிணறு இருந்தது.

பல வருடங்களின் பின், ரொறன்ரோவில் ஒரு நாள், அந்தக் கணக்கில் நினைவிருப்பதைச் சொல்லும்படி அப்பாவிடம் கேட்டேன். எழுதிக்கொள்ளப் பேனாவும் வைத்திருந்தேன். அவர் சிரித்தார். “ஞாபகத்தில நிக்குமெண்டால் நான் ஏன் எழுதி வைச்சனான்?” என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கலியாணமும் செத்தவீடும் நினைவில் நிற்கும். தை மாதத்து நீர்மட்டம் நிற்காது. பெரிய நிகழ்வுகளை வாய்மொழி காப்பாற்றும். சின்ன எண்களைக் கொப்பிதான் காப்பாற்ற வேண்டும்.

நம் சமூகத்தைப் பற்றி எண்களே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எண்கள் ஏராளம். குடியேற்றவாதிகளின் சனத்தொகைக் கணக்கு, பங்கீட்டு அட்டை, பொலிஸ் பதிவு, முகாம்களின் தலைக்கணக்கு, அகதி விண்ணப்பப் படிவம் என்று எங்களை எண்ணியவர்கள் பலர். எந்தத் திகதியில் எத்தனை பேர் எல்லை தாண்டினோம் என்பதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் இருந்தது, எந்த வீட்டில் எத்தனை மாம்பழம் காய்த்தது, முதலாவது குளிர்காலத்தில் ஒரு குடும்பம் எத்தனை நிமிடம் ஊருக்குத் தொலைபேசி எடுத்தது என்பதை எழுதுவது அவர்களுடைய வேலை அல்ல. அவர்களுக்கு நாம் ஒரு பிரச்சினையின் அளவு. ஒரு வாழ்வின் அளவை வாழ்பவரே எழுதினால்தான் உண்டு.

இடம்பெயர்ந்தவர்களின் கணக்கு எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு அண்மைக்கால உதாரணங்கள் எனக்குப் பிடிக்கும். முதலாவது, நியூ யோர்க் வடிவமைப்பாளர் நிக்கலஸ் ஃபெல்ரன். 2005 முதல் 2014 வரை ஒவ்வோர் ஆண்டும், கொம்பனிகள் பங்குதாரருக்கு வெளியிடுவது போல, தன் வாழ்க்கைக்கு ஓர் ஆண்டறிக்கை வெளியிட்டார்: எங்கே போனேன், என்ன சாப்பிட்டேன், எத்தனை பேரைச் சந்தித்தேன். விளையாட்டுப் போலத் தொடங்கியது. 2010இல் அவருடைய தந்தை இறந்தார். அந்த ஆண்டின் அறிக்கை மகனைப் பற்றியதாக இல்லை. தந்தை விட்டுச்சென்ற நாட்காட்டிகள், படச்சுருள்கள், தபாலட்டைகள் முதலியவற்றிலிருந்து தேதிகளையும் இடங்களையும் பொறுக்கி, ஒரு முழு வாழ்க்கையை மகன் எண்ணிக் கட்டினார். இழுப்பறையில் கிடந்த கடதாசிகளே போதுமாக இருந்தன.

இரண்டாவது, ஜோர்ஜியா லூப்பி, ஸ்ரெஃபனி பொசாவெக் என்ற இரு பெண்கள். ஒருவர் இத்தாலியிலிருந்து நியூ யோர்க் போனவர். மற்றவர் அமெரிக்காவிலிருந்து லண்டன் போனவர். அதிகம் பழகியிராத இருவரும் ஓராண்டு, வாரம் ஒன்றாக, ஒரே விடயத்தை எண்ணினார்கள். முதல் வாரம் எத்தனை தடவை மணி பார்த்தோம்; வேறு வாரங்களில் எத்தனை முறைப்பாடு சொன்னோம், எத்தனை தடவை நன்றி சொன்னோம், எத்தனை தடவை சிரித்தோம். அதைக் கையால் வரைந்து, தபாலட்டையில் அனுப்பினார்கள். ஐம்பத்திரண்டு வாரம், நூற்றுநான்கு அட்டை. 2016இல் நியூ யோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கிக்கொண்டது. நான் கவனித்தது கலையை அல்ல. அட்டையின் பின்புறம் இந்தக் கோடு எதைக் குறிக்கிறது, இந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எழுதும்போதே வாசிப்பவர் ஒருவர் இருந்தார்.

கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் இல்லாதது அந்த வாசிப்பவர்தான். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். ஒரு விற்பனைப் பெயரில் இருந்த எண் உலகத்தின் ஆரோக்கிய விதியாயிற்று. கேள்வியை நாம் கேட்கவில்லை; கணக்கையும் நாம் எழுதவில்லை; அது இருக்குமிடமும் நம் வீடல்ல. கணக்கு மூடப்பட்டால் அல்லது கடவுச்சொல் தெரிந்தவர் இறந்தால், அலுமாரியோடு போன கொப்பிக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. கடிகாரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அதிலிருந்து ஆண்டுக்கொரு தடவை இறக்கி, அச்செடுத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள் என்கிறேன். ‘இந்த மாதம் அடி குறைவு, அம்மா ஆஸ்பத்திரியில்.’ அந்த இரண்டு வரியைக் கருவி எழுதாது.

வந்த இடத்திலும் கணக்கெழுத வழி உண்டு. 1900ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், பறவைகளைச் சுடும் பழைய வேட்டைப் போட்டிக்குப் பதிலாக அவற்றை எண்ணுவோம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சப்மன் அழைத்தபோது இருபத்தைந்து இடங்களில் இருபத்தேழு பேர் எண்ணினார்கள். அந்த இருபத்தைந்து இடங்களில் ரொறன்ரோவும் ஒன்று. அது இன்றுவரை நடக்கிறது, எவரும் சேரலாம். நான் மழையை அளக்கிறேன். வட அமெரிக்காவெங்கும் தொண்டர்கள் தம் வீட்டு முற்றத்தில் ஒரேவிதமான மழைமானி வைத்துக் காலையில் அளந்து அனுப்பும் ஒரு திட்டம் உண்டு. ஸ்காபரோவில் எங்கள் பின்வளவிலும் ஒன்று நிற்கிறது. பனிக்காலத்தில் உள்ளே விழுந்த பனியை வீட்டுக்குள் கொண்டுவந்து உருக்கி அளக்க வேண்டும். இரவு இரண்டு அங்குலம் பனி கொட்டியிருந்தாலும் உருகினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான். என் மகள் அதைக் கையில் வைத்து, “இவ்வளவுதானா?” என்று கேட்பாள். இவ்வளவுதான். எண் அனுப்பப்படுகிறது, ஒரு கொப்பியிலும் எழுதப்படுகிறது.

இந்த இதழை வாசிக்கும் இரண்டாம் தலைமுறையினரின் வீடுகளில் இப்படியான ஏடுகள் இப்போதும் இருக்கும். அவற்றுக்கு ஏடு என்ற பெயர் இருக்காது. அம்மாவின் சீட்டுக் கொப்பி. ஊருக்குக் காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள். தொண்ணூறுகளில் வாங்கிய தொலைபேசி அட்டைகள். எத்தனை நிமிடம் மிச்சம் என்று மூலையில் பேனாவால் எழுதியிருப்பார்கள். இரண்டு வேலைக்குப் போன அப்பாவின் நேர அட்டை. கோயில் அருச்சனைச் சிட்டைகள். பற்றுச்சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினால் ஊரில் எந்த மாதம் யாருக்கு என்ன நடந்தது என்பது தெரியும். ஒரு சகோதரியின் கலியாணமும் ஒரு இடப்பெயர்வும் தொகையின் ஏற்ற இறக்கத்தில் இருக்கும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அடுக்குங்கள். ‘இந்த மாதம் ஏன் இவ்வளவு?’ என்று கேட்க ஆள் வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு விடயத்தை எடுத்தால் போதும். மார்ஷம் உலகத்தை எழுதவில்லை. தன் வளவில் கண்டதை எழுதினார். வீட்டில் பிள்ளை நேற்று எத்தனை வசனம் தமிழில் பேசியது. முருங்கைக்காய் இந்த வாரம் என்ன விலை. சன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் என்றைக்கு முதலிலை உதிர்த்தது. கடதாசியில் எழுதுங்கள். ஒரு படி வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு நாட்டில் இருக்கட்டும். நிலைத்த வீடு இல்லாதவர்களுக்குப் பல வீடுகள்தான் காவல். முடிவைச் சொல்ல அவசரப்படாதீர்கள். முடிவு வேறொருவருடையதாக இருக்கலாம்.

முதற்பக்கத்தில் அலகை எழுத மறக்காதீர்கள். எங்கள் கொப்பி நாளைக்கு எங்காவது அகப்பட்டாலும் அதில் ஒரு சிக்கல் இருக்கும். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. ஆளுக்கு ஆள் வேறுபடும். அது அப்பாவின் கையளவு. அவர் போன பிறகு, அவருடைய பழைய சேட்டு ஒன்றின் கையை மேசையில் விரித்து, முழங்கை மடிந்து நைந்த இடத்திலிருந்து மணிக்கட்டு வரை அளந்து, விரல்களுக்கு உத்தேசமாகச் சேர்த்துப் பார்த்தேன். பத்தொன்பது அங்குலத்துக்குக் கிட்ட வந்தது. மழைக் கொப்பியின் முதற்பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.